கொடைக்கானலில் டென்ட் போடலாமா? ஆப்பிரிக்க சஃபாரிக்கும் பழனிமலைக்கும் நடுவே ஒரு பயணம்!

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் இந்த மாதிரி வீடியோ ஒன்று எப்படியும் கண்ணில் பட்டுவிடும். லாரி போல உயரமான ஒரு வண்டி, செம்மண் பாதை, தூரத்தில் ஒட்டகச்சிவிங்கிகள். சாயங்காலம் புல்வெளியில் வண்டி நிற்கிறது. ஆளுக்கொரு டென்ட்டை விறுவிறுவென்று நிறுத்துகிறார்கள். பெரிய சட்டியில் சமையல் நடக்கிறது. பார்த்து முடித்ததும் நம்மில் பலருக்கும் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: "இதற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணுமா? கொடைக்கானலிலேயே ஒரு டென்ட் போட்டுவிட்டால் என்ன?"

நியாயமான ஆசைதான். ஆனால், பழனிமலையில் அது நடக்காது. 'அனுமதி கிடையாது' என்பதோடு பதில் முடிந்துவிடவில்லை. ஏன் கிடையாது என்று தெரிந்துகொண்டால், இந்த மலையைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

லாரியில் ஒரு கண்டம்

'சஃபாரி' என்பது சுவாஹிலி மொழிச் சொல். பொருள், பயணம். அரபியிலிருந்து அங்கே போன சொல் இது. நாம் இந்திப் பாட்டுகளில் கேட்கும் 'சஃபர்' இதற்கு உறவுதான்.

அந்த வீடியோக்களில் வருவது 'ஓவர்லேண்ட்' பயணம். விமானத்தில் தாவாமல், தரைவழியாகவே நாடு நாடாகக் கடப்பது. இதில் புகழ்பெற்ற வழி, கென்யாவின் நைரோபியில் தொடங்கி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் முடிவது. நடுவில் தான்சானியா, மலாவி, சாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா எனப் பல நாடுகள் வரும். முழுவதும் முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பயணிகளே முறைவைத்துக் காய் நறுக்குவார்கள், பாத்திரம் கழுவுவார்கள், டென்ட்டைப் பிரித்துக் கட்டுவார்கள்.

பார்க்க சுதந்திரமாகத் தெரியும் அந்தப் பயணம், நிஜத்தில் விதிகளால் கட்டப்பட்டது. தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவில் நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது. கட்டணம் கட்டி, ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் போட வேண்டும். அந்த இடங்களுக்கு வேலி இருக்காது. கழுதைப்புலி ராத்திரியில் டென்ட்டுக்குப் பக்கத்திலேயே நடந்துபோகும். அதனால் உணவுப்பொருளை டென்ட்டுக்குள் வைக்கக் கூடாது. இருட்டிய பிறகு பூங்காவுக்குள் வண்டி ஓட்டக் கூடாது.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் கட்டுப்பாடு வேறு மாதிரி. அங்கே பெரிய முகாம்களுக்கு வேலி உண்டு. மாலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் உள்ளே வந்துவிட வேண்டும், அதன் பிறகு கேட்டை மூடிவிடுவார்கள். வழியில் சிங்கம் தெரிகிறதே என்று அனுமதி இல்லாத இடத்தில் காரை விட்டு இறங்கினால் அபராதம்தான்.

இன்னொரு வித்தியாசம், பரப்பளவு. செரங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். க்ரூகர் ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். நம் திண்டுக்கல் மாவட்டத்தைப்போல மூன்று மடங்கு. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 609 சதுர கிலோமீட்டர்தான். ஒரு செரங்கெட்டிக்குள் 24 கொடைக்கானல் சரணாலயங்களை வைத்துவிடலாம்.

அந்தப் பெரிய நிலத்துக்கும் ஒரு விலை இருந்தது. செரங்கெட்டிக்குள் வாழ்ந்த மாசாய் மக்கள் 1959-ல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மனிதர்களை வெளியே அனுப்பி உருவான காடு அது. பழனிமலை அப்படியில்லை.

வீட்டு வாசலில் காட்டுமாடு

இங்கே காடும் ஊரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை என மேல்மலை கிராமங்களில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு வயல் முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடும். காட்டை நம்பி வாழும் பளியர், புலையர் குடியிருப்புகளும் இந்த மலைகளில் உண்டு.

கொடைக்கானல் டவுனுக்குள்ளேயே காட்டுமாடு சர்வசாதாரணமாக நடந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். 'காட்டெருமை' என்று நாம் கூப்பிட்டாலும் அது எருமை இனமே அல்ல, மாட்டினம். நன்கு வளர்ந்த ஆண் 1,000 கிலோ எடையைத் தொடும். உலகின் மிகப்பெரிய காட்டு மாட்டினம் இதுதான். அது அமைதியாக நிற்பதைப் பார்த்து, 'பழகிய மாடு' என்று நினைத்து செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போவதுதான் ஆபத்து. திரும்பினால் ஓடித் தப்பிக்க நேரம் இருக்காது.

காட்டுமாடு ஊருக்குள் வருவதற்கு மனிதர்கள் செய்த வேலையும் ஒரு காரணம். பழனிமலையின் உச்சிப்பகுதி இயற்கையில் புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கிய சோலைக்காடும் கலந்தது. கடந்த நூற்றாண்டில் அந்தப் புல்வெளிகளில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை வரிசையாக நட்டார்கள். நாம் வரிசையில் நின்று போட்டோ எடுக்கும் பைன் காடு இயற்கைக் காடு அல்ல, நட்டு வளர்த்தது. அதன் அடியில் பெரிதாகப் புல் முளைக்காது. மேய்ச்சல் நிலம் சுருங்கினால் மாடு எங்கே போகும்? புல் இருக்கும் தோட்டத்துக்கும் வீட்டு வாசலுக்கும்தான்.

இவற்றோடு பேரிஜம் பக்கம் யானைக்கூட்டமும் வரும். அது வந்துவிட்டால் பேரிஜம் பாதையையே வனத்துறை மூடிவிடும். சிறுத்தை, செந்நாய், கடமான் என்று பட்டியல் இன்னும் நீளும்.

இப்போது டென்ட்டை யோசித்துப் பாருங்கள். காட்டை ஒட்டிய தோட்டத்தில், வேலியில்லாமல், காவல் இல்லாமல் ஒரு துணிச்சுவர். வெளியே பார்பிக்யூ வாசனை, ஸ்பீக்கரில் பாட்டு. 2021 ஜனவரியில் கேரளாவின் வயநாட்டில், மேப்பாடி அருகே டென்ட்டில் தங்கப்போன இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்துபோனார். கொடைக்கானலிலும் டென்ட் அமைத்துப் பயணிகளைத் தங்கவைக்க நிர்வாகம் தடை விதித்தது. வனத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து தங்குவது எப்போதுமே சட்டப்படி குற்றம்தான்.

ஒரு தீப்பொறி போதும்

டென்ட் என்றாலே கேம்ப் ஃபயர். இந்த மலையில் விலங்கைவிட அதிகம் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல், சரிவான மலை, மேல்நோக்கி வீசும் காற்று - இந்த மூன்றும் சேர்ந்தால் ஆள் ஓடும் வேகத்தைவிடத் தீயின் வேகம் அதிகம். இறந்தவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞர்கள், வார இறுதிக்காக வந்தவர்கள். நம்மைப் போன்றவர்கள்தான்.

அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 ஏப்ரல் இறுதியில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் மேல்மலைக் காடுகளில் தீ பற்றிப் பல நாள்கள் எரிந்தது நினைவிருக்கலாம். பிப்ரவரி தொடங்கி மே வரை இந்தப் புல்வெளி காய்ந்த வைக்கோல்போல இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டு வந்த கரித்துண்டு ஒன்று போதும்.

எரிவது மரம் மட்டுமல்ல. புல்வெளியும் சோலையும் சேர்ந்துதான் மழைநீரைப் பஞ்சுபோலப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல இறக்கிவிடுகின்றன. பெரியகுளத்துக்காரர்கள் குடிப்பது பேரிஜம் ஏரித் தண்ணீரை. மலையில் நாம் மூட்டும் தீ, கீழே ஒரு ஊரின் குடத்தைத் தொடும்.

மூடப்பட்ட 'எஸ்கேப் ரோடு'

பழனிமலைக்கும் சொந்தமாக ஒரு 'ஓவர்லேண்ட்' பாதை இருந்தது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு வரை, சுமார் 80 கிலோமீட்டர். 'எஸ்கேப் ரோடு' என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் படை தென்னிந்தியாவில் இறங்கினால், பிரிட்டிஷார் மலைவழியாகக் கொச்சிக்குத் தப்பிப்பதற்காக மேம்படுத்திய சாலை என்பதால் அந்தப் பெயர். கிட்டத்தட்ட 2,480 மீட்டர் உயரம் வரை ஏறிய இது, தென்னிந்தியாவின் மிக உயரமான சாலைகளில் ஒன்று.

1990-ல் அது போக்குவரத்துக்கு மூடப்பட்டது. திறக்க வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழும். திறந்தால் மூணாறு பக்கமாகிவிடும் என்பது உண்மை. ஆனால், யானையும் காட்டுமாடும் தொல்லையில்லாமல் நடமாட மிச்சமிருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆப்பிரிக்காவில் இரவானால் காட்டுக்குள் வண்டி ஓடாது என்ற விதியை ரசிக்கிறோம். இந்தச் சாலையில் பகலிலும் ஓடவில்லை, அவ்வளவுதான்.

அப்போ எப்படித்தான் பார்ப்பது?

டென்ட் இல்லாமலும் இந்த மலையைக் குடும்பத்தோடு ரசிக்க வழிகள் உண்டு.

பேரிஜம் பகல் பயணம்: கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வனத்துறையிடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று கணக்கு உண்டு, அதனால் காலையிலேயே கிளம்புவது நல்லது. வழியில் தொப்பித்தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை, அமைதிப் பள்ளத்தாக்கு எல்லாம் வரும். வழி தெரியாமல் ஆளைக் குழப்பிவிடும் அடர்த்தி என்பதால் அதற்கு 'மதிகெட்டான்' என்று பெயர். உள்ளே இறங்கி நடக்க ஆசைப்பட வேண்டாம்.

வழிகாட்டியோடு நடை: தமிழ்நாடு அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. ஆன்லைனில் பதிவு செய்யலாம். உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டியாகக் கூடவே வருவார்கள். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி போவதும் அந்தப் பாதைகளில் ஒன்று. மலைச்சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம், கும்பக்கரை பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் நடந்த பழைய வழி அது. வெள்ளகவி ஊருக்குள் மக்கள் செருப்புப் போட்டு நடப்பதில்லை; போகிறவர்களும் கழற்றிவிட வேண்டும். சிறு குழந்தைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் எளிதான பாதையைத் தேர்ந்தெடுங்கள். தீ பிடிக்கும் மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள், அப்போது வேறு வழியில் நுழையப் பார்க்காதீர்கள்.

நம்ம ஊர் ஓவர்லேண்ட்: கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கி, உடுமலைப்பேட்டை, சின்னார், மறையூர் வழியாக மூணாறு. சுமார் 180 கிலோமீட்டர், இரண்டு மாநிலங்கள். வழியிலிருந்து சற்று விலகினால் அமராவதி முதலைப் பண்ணை. அதன் பிறகு ஆனைமலை புலிகள் காப்பகத்தையும் சின்னார் சரணாலயத்தையும் சாலையே கடந்து போகிறது. மூணாறுக்குச் சற்று முன்பே இரவிகுளத்தில் வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. குட்டி போடும் பருவத்தில் இரவிகுளத்தை மூடுவார்கள், தேதி பார்த்துக் கிளம்புங்கள். காட்டுச்சாலையைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். இரவு தங்குவது ஊருக்குள், கூரைக்குக் கீழே.

மறக்கக் கூடாதவை:

- 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள்.
- 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துப்போனால் பிரச்னை இல்லை.
- காட்டுமாடு வழியில் நின்றால் வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். ஹாரன், ஃபிளாஷ், கல்லெறிதல் எதுவும் வேண்டாம். குட்டியோடு நின்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள்.
- குரங்கோ மாடோ, எந்த விலங்குக்கும் தீனி கொடுக்காதீர்கள். மிச்ச உணவை ரோட்டோரம் கொட்டுவதும் தீனி கொடுப்பதுதான்.
- 'யாருக்கும் தெரியாத ஸ்பாட், டென்ட் ஸ்டே' என்று விளம்பரம் வந்தால், அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம்.

வருமானம் போனவர்களுக்கு?

டென்ட் தடையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூண்டு விலை விழுந்த வருடங்களில், தோட்டத்து ஓரமாக நாலு டென்ட் போட்டு வாடகைக்கு விட்டவர்களில் சின்ன விவசாயிகளும் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதில் பயனில்லை. அனுமதி பெற்ற ஹோம் ஸ்டேயில் தங்குவது, உள்ளூர் வழிகாட்டியோடு நடப்பது, பூம்பாறை மலைப்பூண்டை அங்கேயே வாங்குவது - இவையெல்லாம் அந்தக் கிராமங்களுக்கே பணம் போய்ச்சேரும் வழிகள். ஆபத்து இல்லாத வருமானம் கிடைத்தால் யாரும் காட்டோரம் டென்ட் கட்டப் போவதில்லை.

குறிஞ்சி கடைசியாக 2018-ல் இந்த மலையில் பூத்தது. அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் உங்கள் பிள்ளையோ பேரனோ அதைப் பார்க்கும் வயதுக்கு அப்போது வந்திருப்பான். அந்தப் புல்வெளி அதுவரை எரியாமல் இருக்க வேண்டும். அதற்கு நம் பங்கு ரொம்பச் சின்னதுதான்: பகலில் போய்ப் பார்த்துவிட்டு, இருட்டும் முன் ஊருக்குத் திரும்பிவிடுவது.