கடிதம் போட்டு வரவழைத்த யானை!



என் சித்தப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். பயிற்சிக்காக அவரை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை டோக்கியோ நகரில் உள்ள உயெனோ பூங்காவுக்குப் போனாராம். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது போட்டோக்களைக் காட்டிக் காட்டிச் சொன்னார். நான் கேட்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அவர் போனது தோஷோகு கோயில். ஜப்பானை ஆண்ட தொகுகவா இயெயாசு என்பவரை அங்கே தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். கோயில் ஏற்பட்டது 1627-ல். இப்போது உள்ள கட்டடம் 1651-ல் கட்டியது. பொன் தகடு ஒட்டி தகதகவென்று இருக்கிறது. வழி நெடுக இரண்டு பக்கமும் கல் விளக்குகள் நிற்கின்றன.

ஜப்பான் கோயிலில் எப்படிக் கும்பிடுவது, தெரியுமா? வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அகப்பையில் மோந்து முதலில் இடது கை, பிறகு வலது கை கழுவி, வாய் கொப்பளிக்க வேண்டும். (நாம் கோயில் குளத்தில் கை கால் கழுவுகிறோம் அல்லவா, அதுபோல.) சந்நிதி முன் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒரு முறை குனிய வேண்டும். சின்ன மரப்பலகையில் வேண்டுதலை எழுதியும் மாட்டுகிறார்கள். அதில் பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. அங்கேயும் நம்மள மாதிரிதான்!

பூங்காவில் உள்ள குளத்தின் நடுவே பென்சாய்தென் என்ற தெய்வத்துக்குக் கோயில் இருக்கிறது. அது வேறு யாரும் இல்லை, நம் சரஸ்வதிதான்! புத்த மதத்தோடு சேர்ந்து அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். வீணைக்குப் பதில் பீவா என்ற வாத்தியம் வைத்திருக்கிறாள். அது புத்தர் கோயில் என்பதால் அங்கே கை தட்டக் கூடாதாம்.

அடுத்து மிருகக்காட்சி சாலை. 1882-ல் திறந்தது. ஜப்பானிலேயே முதல் மிருகக்காட்சி சாலை இதுதான். அங்கே நடந்த ஒரு விஷயத்தைச் சித்தப்பா சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம் அது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் வந்துவிடும் என்று பயந்து, 1943 ஆகஸ்டில் அவற்றைக் கொல்ல உத்தரவு போட்டார்கள். ஜான், டோங்கி, வான்ரி என்று மூன்று யானைகள் இருந்தன. விஷம் வைத்த உருளைக்கிழங்கை அவை தின்னவில்லை. ஊசியும் தோலில் இறங்கவில்லை. அதனால் தீனி போடாமல் பட்டினி போட்டே கொன்றுவிட்டார்கள். வித்தை செய்தால் சாப்பாடு கிடைக்கும் என்று பழக்கியிருந்ததால், நிற்கவே தெம்பில்லாத போதும் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினவாம், பாவம்! காவல்காரர்களும் அழுதார்களாம்.

போர் 1945-ல் முடிந்தது. ஆனால் டோக்கியோ பிள்ளைகளுக்குப் பார்க்க யானை இல்லை. அவர்கள் சும்மா இருக்கவில்லை. நம் பிரதமர் நேருவுக்கு யானை கேட்டு நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். நேரு 1949-ல் ஒரு யானையைக் கப்பலில் அனுப்பினார். அதற்குத் தன் மகளின் பெயரையே வைத்தார், இந்திரா! அது ஜப்பானில் பல ஊர்களுக்கும் போய்ப் பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்தியது. 1957-ல் நேருவும் அவர் மகளும் ஜப்பான் போனபோது அதைப் பார்த்தார்கள். 1983 வரை அது உயிரோடு இருந்தது.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருவிலிருந்து 11 பேர் தினமும் நடந்து பள்ளிக்கு வருகிறோம். காலை 7 மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் 10 மணிக்குத்தான் பஸ். "சின்னப் பிள்ளைங்க சொன்னா யாரு கேப்பா?" என்கிறார்கள் வீட்டில். கடல் தாண்டி உள்ள பிள்ளைகள் கேட்டு யானையே வந்திருக்கிறது. நாம் கேட்டால் ஒரு பஸ் வராதா?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். தமிழ் ஐயா பிழை திருத்தித் தர வேண்டும். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் மத்தியானம் வேப்பமரத்தடிக்கு வாங்க.

கேட்போம்! கேட்டால்தான் கிடைக்கும்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி