எழுபத்தைந்து ஆண்டா, மூன்று ஆண்டா?

1995 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்ரார் ட்ரெக்: வொயேஜர்’ தொடரின் முதற் கதையிலேயே, கப்பல் பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் தூக்கி வீசப்படுகிறது. உச்ச வேகத்தில் ஓடினாலும் வீடு போய்ச் சேர 75 ஆண்டுகள் ஆகும் என்று கப்டன் ஜேன்வே தன் ஆட்களுக்குச் சொல்கிறார். 2001 வரை ஏழு பருவங்கள் ஓடிய தொடருக்கு அடித்தளமே இந்த எண்தான். எண் சரியா?

முதலில் தூரத்தைப் பிடித்துக்கொள்வோம். ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் போக அதற்குச் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு போதும். சூரிய வெளிச்சம் மானிப்பாய் முற்றத்தில் விழ 8 நிமிடம் 20 செக்கன். சூரியனுக்கு அடுத்ததாக நமக்குக் கிட்டவுள்ள விண்மீன் புரொக்சிமா சென்ரோறி. அதன் ஒளி வந்துசேர 4.24 ஆண்டுகள். தொடரில் வரும் கப்பலின் பெயரையே கொண்ட உண்மையான விண்கலம் வொயேஜர் 1, 1977இல் புறப்பட்டது. இன்று அது செக்கனுக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அது புரொக்சிமாவின் திசையில் போகவில்லை. போனாலும், அந்த வேகத்தில் போய்ச் சேரச் சுமார் 75,000 ஆண்டுகள் எடுக்கும்.

இனிக் கணக்கு. 70,000 ஒளியாண்டை 75 ஆண்டில் கடக்க, ஒளியைப் போல 933 மடங்கு வேகம் வேண்டும். தொடரில் வேகத்தை ‘வார்ப்’ எண்ணால் சொல்வார்கள். 1966இல் தொடங்கிய முதல் ஸ்ரார் ட்ரெக்கில் விதி எளிமையானது: வார்ப் எண்ணின் கனம் எவ்வளவோ, ஒளியைப் போல அத்தனை மடங்கு. வார்ப் 9 என்றால் 729 மடங்கு. அந்த வேகத்தில் ஜேன்வே வீடு போக 96 ஆண்டுகள் ஆகும். 1987இல் வந்த அடுத்த தொடருக்கு அளவுகோலை மாற்றி, வார்ப் 10 என்பது முடிவிலி என்று வைத்தார்கள். புதிய அட்டவணைப்படி வார்ப் 9 என்பது 1,516 மடங்கு. இப்போது பயணம் 46 ஆண்டுகள். வொயேஜர் கப்பலோ வார்ப் 9.975 வரை ஓடக்கூடியது என்று முதற் கதையிலேயே பெருமையாகச் சொல்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை வொயேஜர் தொடரில் 1995இலேயே ஒளிபரப்பான இன்னொரு கதையில் இருக்கிறது. வார்ப் 9.9 என்றால் என்ன என்று 1937ஆம் ஆண்டு மனிதர் ஒருவருக்கு விளக்கும்போது, செக்கனுக்கு ஏறத்தாழ 400 கோடி மைல் என்கிறார் கப்பலோட்டி ரொம் பரிஸ். ஒளி செக்கனுக்கு 1,86,000 மைல் போகும். வகுத்துப் பாருங்கள்: ஒளியைப் போல 21,500 மடங்கு. அந்த வேகத்தில் பூமி மூன்றேகால் வருடத் தூரம்தான். ஏழு பருவங்கள் அலையத் தேவையே இல்லை.

2001 செப்ரெம்பரில் வந்த இன்னொரு ஸ்ரார் ட்ரெக் தொடரான ‘என்ரர்பிறைஸ்’ தொடரின் முதற் கதையில் ஒரு கணக்கு அழகாகப் பொருந்துகிறது. வார்ப் 4.5இல் நெப்ரியூனுக்குப் போய்வர ஆறு நிமிடம் என்கிறார்கள். ஒளிக்குப் போய்வர ஏறத்தாழ 500 நிமிடம். பழைய கன விதிப்படி, 4.5இன் கனம் 91. வகுத்தால் ஐந்தரை நிமிடம் வருகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் அதே கதையில், செக்கனுக்கு 3 கோடி கிலோமீற்றர் வேகத்தில், கிளிங்கொன் என்ற வேற்றுலகத்தாரின் தாயகத்துக்கு நான்கு நாளில் போய்விடலாம் என்றும் சொல்கிறார்கள். அது ஒளியைப் போல 100 மடங்கு. நான்கு நாளில் கடப்பது 400 ஒளிநாள், அதாவது 1.1 ஒளியாண்டு. அந்தத் தூரத்துக்குள் சூரியனைத் தவிர ஒரு விண்மீனும் இல்லை.

கதைக்குத் தேவைப்பட்ட நாளை முதலில் எழுதிவிட்டு, வேகத்தைப் பிறகு சொருகியதன் விளைவு இது. ஒளியை மிஞ்சும் எஞ்சின் ஒன்று இருக்கிறது என்ற அற்புதத்தை நான் மனமொத்து ஏற்றுக்கொள்வேன். விஞ்ஞானப் புனைகதைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அற்புதத்துக்கு ஒரு விலையைக் குறித்த பிறகு, கதைக்குக் கதை அதை மாற்றக்கூடாது. 75 ஆண்டு என்ற துயரத்தில்தான் அந்த மாலுமிகளின் கதை முழுவதும் நிற்கிறது.

அப்படியொரு எஞ்சினுக்குப் பௌதிகவியல் இடம் கொடுக்குமா? ஐன்ஸ்ரைனின் 1905ஆம் ஆண்டுச் சார்பியலின்படி, திணிவுள்ள எதையும் ஒளியின் வேகத்துக்குத் தள்ள முடிவில்லாத சக்தி வேண்டும். இந்தச் சுவரைப் பற்றி ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் நம் பக்கத்தவர். கேரளத்தில் பிறந்து, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பிற்காலத்தில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஈ. சி. ஜி. சுதர்சன். 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே இருவருடனும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: ஒளியைத் தாண்டுவதுதான் முடியாதது, தாண்டிய வேகத்திலேயே பிறந்த துகள் இருக்கக்கூடாது என்று சார்பியல் சொல்லவில்லை. இமயமலையை எவராலும் ஏறிக் கடக்க முடியாது என்பதால் அதற்கு வடக்கே மனிதரே இல்லை என்று சொல்லலாமா, அங்கேயே பிறந்தவர்கள் இருப்பார்களே என்று அவர் பின்னர் விளக்கினார். 1967இல் ஜெரால்ட் பைன்பேர்க் இத்தகைய துகளுக்கு ‘ரக்கியோன்’ என்று பெயர் வைத்தார். ஸ்ரார் ட்ரெக்கில் எதற்கெடுத்தாலும் வரும் சொல் அது. ஆனால் மலைக்குத் தெற்கே பிறந்த நமக்கும் நம் கப்பலுக்கும் அதனால் பயனில்லை.

ரக்கியோனை இதுவரை எவரும் கண்டதில்லை. 2011 செப்ரெம்பரில், ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீற்றர் தூரத்திலுள்ள இத்தாலிய ஆய்வுகூடத்துக்கு நியூற்றினோக்கள் ஒளியைவிட 60 நனோசெக்கன் முந்தி வந்ததாக அறிவிப்பு வந்தபோது உலகமே பரபரத்தது. அடுத்த ஆண்டு காரணம் தெரிந்தது: சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை வடம்.

இன்னொரு வழியை 1994இல், வொயேஜர் தொடர் தொடங்குவதற்கு முந்திய வருடம், மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகுவேல் அல்குபியேரே காட்டினார். கப்பலுக்கு முன்னாலுள்ள வெளியைச் சுருக்கி, பின்னாலுள்ளதை விரித்தால், கப்பல் தன் குமிழுக்குள் அசையாமல் இருக்க, குமிழே ஒளியை முந்தும். ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்பியல் சமன்பாடு இதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மறைச் சக்தி, அதாவது பூச்சியத்துக்கும் குறைவான சக்தி, வேண்டும். 1997இல் கணக்குப் பார்த்தபோது, காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதிலும் உள்ளதைவிட அதிகம் தேவை என்று வந்தது. பிந்திய கணக்குகள் அந்த அளவைக் குறைத்திருக்கின்றன. மறைச் சக்தி என்ற தேவை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அதோடு, ஒளியை முந்தும் எந்தப் பயணத்துக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. வேறு வேகத்தில் போகும் ஒருவருக்கு, நாம் புறப்படுமுன்னரே வந்து சேர்ந்துவிட்டதாகத் தெரியும். பதில் கேள்விக்கு முந்திவிடும்.

ஒளியை முந்தாமலே ஜேன்வே 75 ஆண்டில் வீடு போகலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒளியின் வேகத்தில் 99.99994 சதவீதத்தில் கப்பல் ஓடினால், உள்ளே இருப்பவர்களுக்குக் காலம் 933 மடங்கு மெதுவாகும். அவர்களுக்கு 75 வயது கூடும். பூமியில் 70,000 ஆண்டுகள் போயிருக்கும். இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. வானில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் மியூவோன் என்ற துகள்கள் உண்டாகின்றன. அவற்றின் சராசரி ஆயுள் செக்கனின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. காலம் மெதுவாகாவிட்டால் பெரும்பாலானவை ஒரு கிலோமீற்றர் இறங்குவதற்குள் அழிந்துபோகும். ஆனால் மானிப்பாயில் வீட்டுக்குள் உள்ளங்கையை விரித்து வைத்தாலும், கூரையைத் துளைத்துக்கொண்டு செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்று அதனூடாகப் போகிறது.

தொடர் ஏன் இந்த உண்மையான வழியை எடுக்கவில்லை என்பது விளங்குகிறது. வீடு திரும்பும்போது வீட்டில் ஆட்கள் இருக்கவேண்டும். திரும்பி வந்தவர் கதவைத் தட்டும்போது திறக்க ஆளில்லாத துயரம் யாழ்ப்பாணத்துக்குச் சொல்லித் தெரியவேண்டியதல்ல. 1956இல் இலங்கைக்கு வந்து இங்கேயே வாழ்ந்து மறைந்த ஆதர் சி. கிளார்க், 1986இல் எழுதிய ‘த சோங்ஸ் ஒவ் டிஸ்ரன்ற் ஏர்த்’ நாவலில் அந்த இழப்பை நேராகவே ஏற்றுக்கொண்டார். அதில் எந்தக் கப்பலும் ஒளியை முந்தாது. பயணங்கள் நூற்றாண்டுக் கணக்கில் நீளும். விட்டுவந்தவர்களை இனிப் பார்க்கவே முடியாது என்று தெரிந்தே மனிதர்கள் புறப்படுவார்கள். விஞ்ஞானத்துக்கு உண்மையாக இருந்தபடியே கதையைக் கனமாக்கலாம் என்பதற்கு எனக்கு அந்த நாவலே சான்று.

டாக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, உடற்கூற்றியலையும் இரசாயனத்தையும் தமிழ் நூல்களாக்கிய ஊர் மானிப்பாய். அந்த ஊரின் கணித, பௌதிகவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே போட்ட கணக்குகளில் சாதாரண தரத்துக்கு மேற்பட்டது காலம் மெதுவாகும் கணக்கு ஒன்றுதான். மற்றதெல்லாம் பெருக்கலும் வகுத்தலும். ஒரு பாடவேளையை ஒதுக்கி, பிள்ளைகள் பார்க்கும் தொடர் எதுவானாலும் அதில் வரும் தூரத்தையும் நாளையும் கரும்பலகையில் எழுதி, வேகத்தை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.