3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்கள்... காணாமல்போன விமானம் அடையாளம் தெரிந்தது எப்படி?

2016 ஜூலை 22 காலை. சென்னை தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது ஏ.என்-32 ரக விமானம். எண் கே-2743. உள்ளே 29 பேர். வங்கக்கடலுக்கு மேலே பறந்தபோது ரேடாரிலிருந்து மறைந்தது.

கப்பல்களும் விமானங்களும் நாள்கணக்கில் தேடின. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று அந்த செப்டம்பரில் குடும்பங்களுக்குத் தகவல் போனது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டின் தவிப்பு, கீழவைப்பார் போன்ற கடலோர ஊர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகுதான் துப்பு கிடைத்தது. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், விமானம் கடைசியாக இருந்த பகுதியில் ஆளில்லா நீர்மூழ்கிக் கலத்தை இறக்கியது. கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரம். ஆழம் 3,400 மீட்டர். கீழவைப்பார் பக்கம் முத்துக்குளித்தவர்கள் மூச்சடக்கி இறங்கியது 10 பாகம் அளவுக்கு. இதுவோ 1,800 பாகத்துக்கும் அதிகம்!

அங்கே வெயில் எட்டாது. அதனால் முதலில் ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துக் கடலடியைப் படமாக்கும் சோனார். பிறகு, கேமரா. விளக்கு வெளிச்சம் சில மீட்டருக்குமேல் போகாது என்பதால், இவ்வளவு ஆழத்தில் எடுக்கும் படங்களில் துண்டு துண்டாகத்தான் பொருள்கள் தெரியும்.

துண்டைப் பார்த்து விமானத்தைச் சொல்ல முடியுமா? முடியும். உதாரணத்துக்கு, ஏ.என்-32-க்கும் அதன் அண்ணனான ஏ.என்-26-க்கும் உடல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால், ஏ.என்-32-ல் பெரிய புரொப்பெல்லர்களுக்கு இடம் வேண்டும் என்பதால், இன்ஜின்கள் இறக்கைக்கு மேலே தூக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். இறக்கையில் இன்ஜின் உட்காரும் பகுதி மட்டும் படத்தில் இருந்தாலே, விவரம் தெரிந்தவர்கள் இனம் கண்டுவிடுவார்கள்.

கடலடியில் எடுத்த படங்களை ஆராய்ந்ததில், அவை ஏ.என்-32-க்குப் பொருந்தின. ஆனால், அது ரகத்தை மட்டும்தான் சொல்லும். எந்த விமானம் என்று சொல்லாது. அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல்போனதாகப் பதிவே இல்லை என்பது அடுத்த ஆதாரம். இரண்டையும் சேர்த்துப் பார்த்துதான், 'இது கே-2743-ன் சிதைவாக இருக்கலாம்' என்று 2024 ஜனவரி 12-ல் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

'இருக்கலாம்' என்ற வார்த்தையில் எச்சரிக்கை இருக்கிறது. ஆனாலும், எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்றே தெரியாமலிருந்த 29 குடும்பங்களுக்கு, கடலில் இப்போது ஓர் இடம் தெரிகிறது.