எஞ்சின் ஏன் தவறுகிறது?
பெற்றோல் பிக்கப் வண்டியின் எரிவுத் தவறலும் அதனைக் கண்டறியும் முறையும்

மரக்கறி மூட்டைகளை ஏற்றிய சிறிய பிக்கப் வண்டியொன்று மேட்டில் ஏறும்போது திடீரெனக் குலுங்குகிறது. மிதியை எவ்வளவு அழுத்தினும் வேகம் கூடுவதில்லை. புகைக்குழாயிலிருந்து ஒழுங்கற்ற வெடியோசை எழுகிறது. கராஜ்களில் இதனை ‘மிஸ் அடிக்கிறது’ என்பர். எரியவேண்டிய வேளையில் ஓர் உருளை எரியாது போவதே இக்குறையின் சாரமாதலால், இக்கட்டுரையில் இதனை எரிவுத் தவறல் என்று குறிப்போம்.

இக்குறையைத் திருத்துவதில் இரு வழிகள் உள்ளன. முதலில் பிளக்குகளை மாற்றுவது, குறை தீராவிடின் கொயிலை மாற்றுவது, அதன் பின்னும் தீராவிடின் காபரேற்றரை அல்லது இன்ஜெக்டரை மாற்றுவது என்பது ஒரு வழி. ஏதேனும் ஒரு கட்டத்தில் வண்டி சீராக ஓடக்கூடும். ஆயினும் எதனால் சீரானது என்பது உரிமையாளருக்கும் தெரியாது, திருத்தியவருக்கும் தெரியாது. தேவையற்று மாற்றப்பட்ட உறுப்புகளின் விலையை, அவ்வண்டியையே பிழைப்பாகக் கொண்டவர் செலுத்துகிறார். குறை தோன்றும் விதத்தை ஆராய்ந்து, காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதைத் திருத்துவது மற்றைய வழி. இந்த இரண்டாம் வழியின் தருக்கத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எரிவுக்கு வேண்டிய மூன்று

நாலடிப்பு எஞ்சினில் உறிஞ்சல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்னும் நான்கு அடிப்புகள் கிராங்க் தண்டின் இரு சுற்றுகளில் நிறைவுறுகின்றன. எனவே ஒவ்வோர் உருளையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிய வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழலும்போது, நான்கு உருளைகளைக் கொண்ட எஞ்சினின் ஒவ்வோர் உருளையும் செக்கனுக்கு 25 முறை எரிகிறது. இவற்றுள் ஓர் உருளை முற்றாகத் தவறின் வலுவின் கால் பங்கு இழக்கப்படுவதோடு, சுழற்சியின் சீரும் குலைகிறது. வண்டி குலுங்குவதற்குக் காரணம் இதுவே.

எரிவு நிகழ மூன்று நிபந்தனைகள் நிறைவேறவேண்டும். ஏற்ற விகிதத்தில் அமைந்த எரிகலவை முதலாவது. பெற்றோல் ஒரு பங்குக்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று முழு எரிவுக்குத் தேவை. அக்கலவை போதிய அளவு நெருக்கப்படுதல் இரண்டாவது. உரிய கணத்தில் வலிமையுள்ள பொறி எழுதல் மூன்றாவது. எரிவுத் தவறலின் காரணங்கள் எத்தனையாயினும் அவை இம்மூன்றனுள் ஒன்றன் குறையாகவே அமையும். டீசல் எஞ்சினில் பொறிக்கு இடமில்லை. நெருக்கப்பட்ட காற்றின் வெப்பமே அங்கு எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆதலின் ஈண்டுக் கூறப்படுவன பெற்றோல் எஞ்சினையே சாரும்.

குறை எப்போது தோன்றுகிறது?

கருவியை எடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி இது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது மட்டும் எஞ்சின் தவறுமாயின், ஐயம் முதலில் பொறியின்மீது விழவேண்டும். உருளையினுள் அமுக்கம் கூடும்போது பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்குக் கூடிய வோல்ற்றளவு தேவைப்படுகிறது. சும்மா நின்றியங்கும்போது ஏறத்தாழ 10,000 வோல்ற்றில் பாயும் பொறிக்குப் பாரத்தின்போது அதனினும் மிகப் பெரிய வோல்ற்றளவு வேண்டியிருக்கும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கு அத்தேவையை மேலும் உயர்த்துகிறது. அப்போது மின்னோட்டம் வெடித்த வயரின் வழியாகவோ, கொயிலின் பழுதுற்ற காவலிடலின் வழியாகவோ குறுக்குப் பாதை தேடிச் சென்றுவிடுகிறது. மழை நாட்களில் மட்டும் தோன்றும் தவறலுக்கும் இதே காரணம் பொருந்தும். இருளில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்களின்மேல் சிறிது நீர் தெளித்து நோக்கின், கசியும் பொறியைக் கண்ணாலேயே காணலாம். பாரத்தின்போது எரிபொருள் போதாமையும் இவ்வாறு தோன்றலாமாகையால், அடைபட்ட வடிகட்டியும் வலுவிழந்த எரிபொருட் பம்பியும் அடுத்து நோக்கப்படவேண்டியவை.

இதற்கு மாறாக, நின்றியங்கும்போது தவறி வேகத்தில் சீராகும் எஞ்சினில் காற்றுக் கசிவையே முதலில் ஐயுறவேண்டும். நின்றியங்கும்போது எஞ்சின் உறிஞ்சும் காற்று சிறிதளவே. அந்நிலையில் வெடித்த இரப்பர்க் குழாயொன்றின் வழியே புகும் சிறிய அளவு காற்றும் கலவையின் விகிதத்தைக் குலைத்துவிடும். வேகத்தில் உட்செல்லும் காற்றின் அளவு பெரிதாதலால் அதே கசிவு பொருட்படுத்தப்படாததாகிவிடுகிறது. சந்தேகத்துக்குரிய குழாயை விரல்களால் நெரிக்கும்போது எஞ்சின் சீரானால் காரணம் வெளிப்படும்.

எந்த உருளை?

ஓர் எஞ்சினின் உருளைகள் அனைத்தும் ஒரே அமைப்பின. ஆதலால் ஓர் உருளையின் நடத்தையை அளக்க மற்றைய உருளைகளே ஒப்பீட்டுச் சான்றாகின்றன. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஒவ்வோர் உருளையாகச் செயலிழக்கச் செய்தால், நல்ல உருளை நிறுத்தப்படும்போது சுழற்சி வீழும். முன்னரே செத்த உருளை நிறுத்தப்படும்போது மாற்றம் ஏதும் நிகழாது. உயர் வோல்ற்றளவு ஆபத்தானது. ஆகையால் பிளக் வயரை வெறுங்கையால் இழுத்தல் ஆகாது. இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் அதன் மின்னிணைப்பைக் கழற்றுவதே பாதுகாப்பான முறை.

1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் ஐக்கிய அமெரிக்காவில் கார்களுக்கும் இலகு பாரவண்டிகளுக்கும் கட்டாயமாக்கப்பட்ட கணினிக் கண்காணிப்பு முறையும் இவ்வொப்பீட்டையே செய்கிறது. ஒவ்வோர் எரிவும் கிராங்க் தண்டைச் சற்றே முடுக்குகிறது. அம்முடுக்கம் இல்லாத கணத்தை உணரி பதிவுசெய்ய, எவ்வுருளை தவறியது என்பதைக் கணினி கண்டுகொள்கிறது. பி 0301 என்னும் குறியீடு முதலாம் உருளையையும், பி 0302 இரண்டாம் உருளையையும், பி 0300 ஒன்றில் நில்லாது மாறிமாறித் தோன்றும் தவறலையும் சுட்டும். பழகிய மெக்கானிக்கின் செவி கேட்பதையே கணினி எண்ணுகிறது. ஆயினும் குறியீடு கூறுவது இடத்தை மட்டுமே, காரணத்தை அன்று. குறியீட்டைக் கண்டவுடன் கொயிலை வாங்க ஓடுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

காரணத்தை அறிய மாற்றிப் பார்த்தல் சிறந்த வழி. உருளைக்கொரு கொயில் உள்ள எஞ்சினில், ஐயத்துக்குரிய முதலாம் உருளையின் கொயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதன் கொயிலை முதலாவதற்கும் மாற்றுக. குறை மூன்றாம் உருளைக்கு இடம்பெயர்ந்தால் கொயில் பழுது. இடம்பெயராவிடின் கொயில் குற்றமற்றது. அடுத்துப் பிளக்கை மாற்றி நோக்குக. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பதே இங்கு விதி. ஆய்வுகூடப் பரிசோதனையின் அடிப்படையும் இதுவேயன்றோ? பொதுவான டிஸ்ரிபியூட்டர் உள்ள பழைய எஞ்சின்களில் வயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இடுதல் நன்று. நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின்கள் பலவற்றில் எரிவொழுங்கு 1-3-4-2 ஆகும். வயர்கள் இடம் மாறினால் திருத்தமே புதிய குறையாகிவிடும்.

கழற்றிய பிளக்கும் ஒரு சாட்சி. முனை வெளிர் கபில நிறமாயின் எரிவு செம்மையானது. உலர்ந்த கரி படிந்திருப்பின் கலவையில் பெற்றோல் மிகுதி. வெண்மையாகி வெந்திருப்பின் பெற்றோல் குறைவு அல்லது மிகை வெப்பம். எண்ணெய்ப் பசை காணப்படின் தேய்ந்த வளையங்கள் வழியாகவோ வால்வுகளின் வழியாகவோ எண்ணெய் உருளைக்குள் புகுகிறது. இவ்வெஞ்சினுக்குப் புதிய பிளக்கு இட்டால் சில காலம் ஓடும், மீண்டும் தவறும். அது திருத்தமன்று, குறையை ஒத்திவைத்தலே.

நெருக்கல் அளவீடு

பொறியும் கலவையும் சரியாயிருந்தும் ஓர் உருளை தவறின் நெருக்கலை அளக்கவேண்டும். பிளக்குகள் யாவற்றையும் கழற்றி, பொறியையும் எரிபொருளையும் நிறுத்தி, மிதியை முழுதும் அழுத்தியவாறு எஞ்சினைச் சுழற்றி, அமுக்கமானியால் ஒவ்வோர் உருளையையும் அளப்பர். ஒன்று சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தலும் மற்றொன்று 90 இறாத்தலும் காட்டுமாயின் குறை வெளிப்படை. பின்னர் அவ்வுருளைக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் வளையங்கள் தேய்ந்துள்ளன, ஏனெனில் எண்ணெய் அவ்விடைவெளியை அடைக்கிறது. உயராவிடின் கசிவு வால்விலோ தலைக் காஸ்கெற்றிலோ உள்ளது. அடுத்தடுத்த இரு உருளைகள் ஒருங்கே தாழ்ந்திருப்பின் அவற்றின் நடுவே காஸ்கெற் எரிந்திருத்தல் பெரும்பாலும் உறுதி.

மண்ணெண்ணெய் தந்த பாடம்

கலவையின் முக்கியத்துவத்தை உணர்த்தும் ஓர் அனுபவம் நம்மவரிடையே உண்டு. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த வேளை, ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதன்று. குளிர்ந்த எஞ்சினில் அது துளிகளாகவே நின்று பிளக்கை நனைத்துக் கரி படியச் செய்யும்; எரிவு தவறும். எனவே சிறிதளவு பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நெருக்கல் விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே இத்தரங்குறைந்த எரிபொருளைப் பெரிதும் தாங்கின. ஆவிப்பறப்பு, வெப்பம், நெருக்கல் ஆகியவற்றின் தொடர்பைப் பாடநூலின் துணையின்றித் தொழிலாளர் கைகள் கண்டறிந்த வரலாறு இது.

தாமதத்தின் விலை

எரிவுத் தவறலுடன் தொடர்ந்து ஓடுதல் தீங்கானது. எரியாத பெற்றோல் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படையைக் கழுவுகிறது. வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்ட வண்டிகளில் அது புகைக்குழாயை அடைந்து அங்கு எரிய, மிகை வெப்பத்தால் மாற்றியின் உட்பகுதி உருகி அடைபடுகிறது. எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு ஒளிர்வது இவ்வாபத்தையே சுட்டும். ஒரு பிளக்கின் விலையில் முடியவேண்டிய திருத்தம் பன்மடங்கு செலவாக வளர்வது இவ்வாறே.

மேற்கூறிய சோதனைகளுள் முதலிற் செய்யத்தக்கவை பணச்செலவற்றவை: கேட்டல், நோக்குதல், மாற்றிப் பார்த்தல். அளவீடு அதன்பின், புதிய உறுப்பு வாங்குதல் இறுதியில். இவ்வொழுங்கு தலைகீழாகும்போதுதான் உழைப்பவரின் பணம் வீணாகிறது. நமது கராஜ்களில் இவ்வறிவு இல்லாமலில்லை. செவியிலும் கையிலும் இருக்கிறது. அது எழுத்தில் வராமையால் குருவிடமிருந்து சீடனுக்குக் குறைபாட்டுடன் செல்கிறது; சிலவேளை அவருடனேயே அழிகிறது. மூளை உழைப்பை மேலென்றும் உடலுழைப்பைக் கீழென்றும் பிரித்த நமது கல்வி மரபு இவ்விழப்புக்குப் பொறுப்பேற்கவேண்டும். கராஜில் நிகழும் ஆய்வைத் தமிழில் முறையாகப் பதிவுசெய்தல் தமிழில் விஞ்ஞானம் வளர்க்க விழைவோரின் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும்.