இயந்திரம் கெட்டதா? கட்டளை கெட்டதா?

செயற்கை நுண்ணறிவு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் மக்களிடையே இரண்டு விதமான பேச்சு எழுவது வழக்கமாகிவிட்டது. "படத்தில் பார்த்தது நிஜமாகவே நடக்கப் போகிறது" என்று அஞ்சுவோர் ஒரு பக்கம். "கதையை நம்பி யாராவது பயப்படுவார்களா?" என்று சிரிப்போர் மறுபக்கம். ஆனால், அந்தக் கதைகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதை இரு தரப்பினருமே கவனிப்பதில்லை.

'ரோபோ' என்ற சொல்லே ஒரு நாடகத்தில் பிறந்ததுதான். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920ஆம் ஆண்டு எழுதிய நாடகத்தில் அச்சொல் முதன்முதலாக இடம்பெற்றது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதன் வேர். மலிவான உழைப்புக்காக உருவாக்கப்பட்டவை இறுதியில் எதிர்த்து எழுகின்றன. பேராசைக்கு எதிரான எச்சரிக்கை அது.

பொய் சொல்லப் பணித்தவர் யார்?

1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்தில் வரும் ஹால் 9000 என்ற கணினி, விண்கலத்தில் உள்ள விண்வெளி வீரர்களையே கொல்கிறது. அது ஏன் அப்படிச் செய்தது? இலங்கையில் பல்லாண்டுகள் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1982இல் எழுதிய அடுத்த நாவலில் இதற்கு விடை தந்தார். தகவலைத் திரிக்காமல் தருவதற்காக உருவாக்கப்பட்ட கணினி அது. அதனிடம் பயணத்தின் நோக்கத்தை வீரர்களிடம் மறைக்கும்படி மேலிடம் கட்டளையிட்டது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியாமல் அது தடம் புரண்டது. ஆக, குற்றம் கட்டளையில் இருந்தது.

2010இல் வெளிவந்த 'எந்திரன்' படமும் இதையே காட்டியது. சிட்டியை அழிவுக்கருவியாக மாற்றியது அதனுள் இன்னொரு மனிதர் பொருத்திய சிவப்புச் சில்லுதான்.

அதிபர் கேட்ட கேள்வி

கதைகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் 1983ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளி மாணவன், விளையாட்டு என்று எண்ணி இராணுவக் கணினிக்குள் நுழைந்து, உலகையே அணுப்போரின் விளிம்புக்குக் கொண்டு செல்லும் கதையைச் சொன்ன 'வார் கேம்ஸ்' திரைப்படம் அவ்வாண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. அதைப் பார்த்த அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், இப்படி நடக்க முடியுமா என்று தம் தலைமைத் தளபதியிடம் கேட்டார். நிலைமை நினைப்பதைவிட மோசம் என்ற பதில் ஒரு வாரத்தில் வந்தது. 1984இல் கணினிப் பாதுகாப்புக்கான அதிபர் ஆணை பிறந்தது.

1983 செப்டம்பர் 26ஆம் தேதி சோவியத் யூனியனில் நடந்தது கதையல்ல. அமெரிக்க ஏவுகணைகள் பாய்ந்து வருவதாக மாஸ்கோ அருகே இருந்த எச்சரிக்கைக் கணினி அறிவித்தது. முதலில் ஒன்று, பிறகு மொத்தம் ஐந்து. பணியில் இருந்தவர் ஸ்டனிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரி. போர் தொடுப்பவர்கள் ஐந்தே ஏவுகணைகளை ஏவுவார்களா என்று அவர் யோசித்தார். தரையிலிருந்த ரேடார்களும் எதையும் காட்டவில்லை. பொய்யான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டது எனப் பின்னர் தெரியவந்தது. கணினி சொன்னதை மறுத்துப் பேச ஒரு மனிதர் இருந்ததால் பேரழிவு தவிர்க்கப்பட்டது.

சுஜாதா கண்ட போலி உருவம்

இன்றைய நிலைக்கு மிக நெருக்கமான எச்சரிக்கை தமிழிலேயே உண்டு. 1980களில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடர்கதை 2020களில் நடப்பது. அதில் நாட்டை ஆளும் ஜீவா உண்மையான மனிதரே அல்லர். ஒளியால் உண்டாக்கப்பட்ட உருவம். பின்னால் இருந்து இயக்குவோர் வேறு. இப்போது பிரபலங்களின் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கி முதலீட்டு மோசடிக்கு அழைக்கும் காணொளிகள் கைப்பேசிக்கே வந்து சேர்கின்றன. மகனின் குரலில் பணம் கேட்டு அழைப்பு வந்தால், பெற்ற தாய்கூட நம்பிவிடும் காலம் இது.

அப்படியானால் என்ன செய்வது? பதற வேண்டாம், ஏளனமும் வேண்டாம். அவசரமாகப் பணம் கேட்கும் குரல் எவருடையதாக இருந்தாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டு, தெரிந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்துக் கேட்கலாம். குடும்பத்தாருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். கடனுக்கோ வேலைக்கோ விண்ணப்பித்து, "கணினி நிராகரித்துவிட்டது" என்று பதில் வந்தால், அதை மறுபரிசீலனை செய்யும் மனிதர் யார் என்று கேட்கலாம்.

அன்று பெட்ரோவ் செய்ததும் அவ்வளவுதான். கணினி சொன்னது என்பதற்காக அவர் நம்பிவிடவில்லை. ஒரு கணம் நின்று யோசித்தார்.