துண்டுத் துணியில் ஒரு போர்வை!

குட்டீஸ், உங்கள் தெரு டெய்லர் கடையில் மெஷினுக்குக் கீழே எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பூப் போட்டது, கட்டம் போட்டது, பளிச் சிவப்பு, கிளிப்பச்சை என்று துண்டுத் துணிகளாகக் குவிந்து கிடக்கும். படப்பை, ஒரகடம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு குவியலும் தெரிந்திருக்கும். பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் துணியை, 'வேஸ்ட்' என்ற பெயரில் கிலோ கணக்கில் வாங்கிவந்து, மெக்கானிக் ஷெட்டில் எண்ணெய்க் கை துடைப்பார்கள். கறுத்துப் போனால் அவ்வளவுதான், குப்பை!

இந்த மாதிரித் துண்டுகளை வைத்தே அழகழகான போர்வை தைப்பவர்கள் இருக்கிறார்கள் தெரியுமா? கர்நாடகாவில், உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் காட்டுப் பகுதிகளில் வாழும் சித்தி இனப் பெண்கள்தான் அவர்கள். இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்கர்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். கோவாவில் போர்த்துகீசியர்களிடமிருந்து தப்பி ஓடிவந்து, காட்டுக்குள் குடியேறியவர்கள் அதில் பலர். மலைக்காட்டில் மழையும் குளிரும் அதிகம் அல்லவா? போர்வை கட்டாயம் வேண்டும்.

அவர்கள் தைக்கும் போர்வைக்குப் பெயர் 'கவந்தி'. அடியில் ஒரு பழைய புடவை. அதன் மேல் துண்டுத் துணிகள். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தோடு ஓரமாகச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். அளவு நாடா, மெஷின் எதுவும் கிடையாது. ஊசியும் நூலும் மட்டும்தான். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து, அடுக்கடுக்காக வைத்துத் தைப்பார்கள். அதற்குப் 'பூலா' என்று பெயர். பூ என்று அர்த்தம். பூ வைக்காத கவந்தி, உடை உடுத்தாத ஆள் மாதிரியாம்!

கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலும் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் வாழும் 'ஜீஸ் பெண்ட்' என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கேயும் பெண்கள் கிழிந்த ஜீன்ஸ், வெளுத்த சட்டைகளில் போர்வை தைத்தார்கள். மிசூரி பெட்வே என்ற பெண்மணியின் கணவர் இறந்துபோனார். அவர் வயலில் உடுத்தி உழைத்த உடைகளைத் தூக்கிப் போட அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1942ல் அவற்றை ஒரே போர்வையாகத் தைத்துவிட்டார். கணவர் நினைவாக அதைப் போர்த்திக்கொள்ள ஆசை! ஜீஸ் பெண்ட் போர்வைகள் 2002ல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் சுவரில் மாட்டப்பட்டன. 2006ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படத்தோடு 10 தபால்தலைகள் வெளியிட்டது.

நம் வீட்டுக்கும் இது புதுசு இல்லை. பாட்டியின் பழைய நூல் புடவையில்தானே உங்களுக்குத் தூளி கட்டினார்கள்? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி, கடையில் எந்த விலைக்கும் கிடைக்காது.

சரி, நாமும் ஒன்று தைப்போமா? முதல் முறையே பெரிய போர்வை என்று இறங்கினால் பாதியில் பரண் ஏறிவிடும். குட்டிப் பாப்பாவைப் படுக்கவைக்கும் அளவில் ஒரு விரிப்பு போதும்.

பழைய நூல் புடவையை இரண்டாக மடித்து, அந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் வேலையைப் பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். டெய்லர் அண்ணாவிடம் கேட்டு வாங்கிய துண்டுகளோடு, உங்கள் சின்ன வயசுச் சட்டை, அப்பாவோ அம்மாவோ வேலைக்குப் போட்டுப் போய் வெளுத்த பழைய சட்டை எல்லாம் சேரட்டும். கேட்காமல் வெட்டி உதை வாங்கினால் நான் பொறுப்பில்லை!

பருத்தித் துணியாகவே பொறுக்குங்கள். டெரிகாட்டன் வழுக்கும், வியர்வையையும் சரியாக உறிஞ்சாது. எல்லாவற்றையும் முதலில் துவைத்துக் காயவையுங்கள். புதுத் துணி சுருங்குவதானால் இப்போதே சுருங்கிவிடும். சாயம் போகிறதா என்று ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்தத் துண்டு வேண்டாம். பட்டன், ஜிகினா, கொக்கி எல்லாவற்றையும் பிய்த்துவிடுங்கள். பாப்பா வாயில் போட்டுக்கொள்ளும்.

இனி ஒரு மூலையில் முதல் துண்டை வையுங்கள். நூல் பிரியாமல் இருக்க, ஓரத்தை விரல் அகலத்துக்கு உள்ளே மடித்து, ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிக்கொண்டே போங்கள். ஊசி அடிப்புடவை வரை இறங்கினால்தான் எல்லாம் ஒன்றாகப் பிடித்து நிற்கும். பக்கத்தில் அடுத்த துண்டு, கொஞ்சம் மேலே ஏறினாற்போல. ஓரம் சுற்றி முடிந்ததும் அடுத்த சுற்று. கோணலாகப் போனால் பிரிக்காதீர்கள். கவந்தியிலும் தையல் அளவுகோல் வைத்த மாதிரி இருக்காது. எழுந்திருக்கும்போது ஊசியை மறக்காமல் நூல்கண்டில் குத்தி வையுங்கள்.

தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் விடுமுறைக்குள் முடிந்துவிடும். கடைசித் துண்டு நட்டநடுவில் வரும். யாருடைய துணி அங்கே வர வேண்டும் என்று இப்போதே முடிவு செய்து, அதைத் தனியாக எடுத்து ஒளித்து வையுங்கள். இல்லாவிட்டால் தங்கச்சி பொம்மைக்குப் பாவாடை கட்டிவிடுவாள்!