ரப்பர் மீன் முள்ளில் நழுவுகிறதா? வீட்டில் உள்ள பொருள்களே போதும்

தம்பின்: சனிக்கிழமை மாலை ஆனால் போதும். தம்பின், கெமெஞ்சே வட்டாரச் செம்பனைத் தோட்டங்களின் கால்வாய்க் கரைகளில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கத் தொடங்கிவிடும். முன்பு மண்புழுவும் தவளைக் குஞ்சும் எடுத்துக்கொண்டு போன நம்மவர்கள் இப்போது சட்டைப் பையில் சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டோடு போகிறார்கள். உள்ளே இருப்பது மிருதுவான போலி மீன். கடைகளில் ‘சாஃப்ட் பிளாஸ்டிக்’ என்று விற்கிறார்கள். நம் பையன்களுக்கு அது ‘ரப்பர் மீன்’.

பெயரில்தான் ரப்பர். பால்மரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரும்பாலானவை பிவிசி பிளாஸ்டிக்கோடு அதை இளக்கும் ஒருவகை எண்ணெயைச் சேர்த்து, சூடாக்கி, அச்சில் ஊற்றிச் செய்யப்படுபவை. இதை ‘ஜிக்’ என்னும் ஈயத் தலை முள்ளில் கோர்த்து வீசி இழுத்தால் வால் உயிருள்ளதைப் போல ஆடும். விரால், அதாவது நாம் ஹாருவான் என்றே கூப்பிடும் மீன், அதைப் பார்த்துப் பாய்ந்து வரும்.

வந்து வாலைக் கடித்துவிட்டுப் போய்விடும். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

போன மாதம் என் தாய்மாமாவோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். பத்து முறை வீசினேன் என்றால், அதில் நான்கு முறை ரப்பர் மீன் ஈயத் தலையை விட்டு நழுவி, முள்ளின் வளைவில் சுருண்டு கிடந்தது. “என்னா தம்பி, மறுபடியும் கீழ எறங்கிடுச்சா?” என்று மாமா சிரித்தார். ஐந்தாறு மீன் உள்ள ஒரு பாக்கெட்டுக்கு இருபது வெள்ளி கொடுத்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரண்டு ரப்பர் மீன்கள் முள்ளிலிருந்து கழன்று தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. அதற்குப் பிறகு மாமா சொல்லிக்கொடுத்தவற்றையும், நான் வீட்டில் செய்து பார்த்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நழுவுவதற்கான காரணம். ஈயத் தலைக்குப் பின்னால் முள்ளின் தண்டில் ஒரு சிறிய கழுத்து இருக்கும். அதில் ஒன்றிரண்டு கொக்கிகள் இருக்கும். ரப்பர் மீனைப் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தக் கழுத்துதான். மலிவான ஜிக்குகளில் கழுத்து வழவழவென்று இருக்கும். நல்ல ஜிக்காக இருந்தாலும் ரப்பர் மீனைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் மூக்கிலுள்ள துளை பெரிதாகிவிடும். ஹாருவானுக்குப் பல் கூர்மை. அது வாலைப் பிடித்து இழுக்கும்போது அகலமான துளை எப்படித் தாங்கும்?

பாதி நழுவலுக்குக் கோணலாகக் கோர்ப்பதே காரணம் என்கிறார் மாமா. கோர்ப்பதற்கு முன் ஜிக்கை ரப்பர் மீனின் பக்கத்தில் வைத்து, முள் எந்த இடத்தில் முதுகில் வெளியே வரவேண்டும் என்று பார்த்து, அங்கே நகத்தால் ஒரு கோடு போட வேண்டும். முள் அதற்கு முன்பே வெளியே வந்தால் உடல் மடங்கிச் சுருங்கும். தாண்டி வந்தால் மூக்கு ஈயத்தைத் தொடாமல் இடைவெளி விழும். இரண்டிலுமே ரப்பர் மீன் தண்ணீரில் சுழலும், சுழன்றால் நழுவும். நேராகக் கோர்த்த பிறகும் நழுவினால்தான் மற்ற வழிகளைத் தேட வேண்டும்.

சுலபமானது சூப்பர் குளூ. இந்தப் பசைக்கு ஒரு போர்க்காலக் கதை உண்டு. 1942இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதெல்லாம் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பொருள் கிடைத்தது. வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். கடைக்கு வந்தது 1958இல்தான். (அதே 1942 ஜனவரியில்தான் நம் கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை மறித்துத் தாக்கினார்கள். மீன் பிடிக்கப் போகிறவர்கள் பலருக்கு அந்தப் பாலத்தின் கதை தெரியாது என்பதால் சொல்லி வைக்கிறேன்.)

பசை பிடிக்காவிட்டால் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். பாக்கெட்டிலிருந்து எடுத்த ரப்பர் மீனின் மேல் வாசனை எண்ணெய் பூசியிருக்கும். மூக்குப் பகுதியைத் திசுத்தாளால் நன்றாகத் துடைக்க வேண்டும். ரப்பர் மீனை ஈயத் தலைக்கு முக்கால் அங்குலம் முன்புவரை கோர்த்து நிறுத்தி, கழுத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டு, உடனே தள்ளி அழுத்திப் பிடித்தால் அரை நிமிடம் போதும். இரண்டு மூன்று சொட்டு விட்டால் மூக்கு கல்லாக இறுகி, வளையும்போது விரிந்துவிடும். ஒழுகாத கூழ் வகைப் பசை இதற்கு நல்லது. இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. நம் ஊர் வானிலைக்குக் கேட்கவே வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. கையில் சிந்தியதைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியும் இந்தப் பசையும் சேர்ந்தால் கைச் சூடு தாங்காத அளவுக்குக் கொதிக்கும், புகையும் வரும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது நூல் கட்டு. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து பாலியெஸ்டர் நூலை எடுத்து, ஈயத் தலையை ஒட்டி முள் தண்டில் இருபது முப்பது சுற்றுச் சுற்றினேன். சுற்றும்போதே ஒரு தடித்த தாங்சித் துண்டை, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, நூலுக்கு அடியில் வைத்துக் கட்டினேன். அதன் நுனி மட்டும் சற்றே தூக்கலாக வெளியே நிற்கும். மேலே ஒரு சொட்டுப் பசை விட்டு இரவு முழுவதும் காயவிட்டால் சொந்தமாக ஒரு பிடிமுள் தயார். இதற்குத் தமிழில் பெயர் எதுவும் எனக்கு அகப்படவில்லை. அதனால் நானே வைத்துக்கொண்ட பெயர் அது.

இதில் திசை முக்கியம். தாங்சியின் நுனி ஈயத் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் ரப்பர் மீன் தலைப் பக்கம் ஏறும்போது அது படிந்து வழிவிடும், பின்னால் நழுவும்போது சதைக்குள் குத்தி நிறுத்தும். நான் முதல் மூன்று ஜிக்குகளில் தலைகீழாகக் கட்டிவிட்டேன். ரப்பர் மீன் ஏறவே மறுத்தது. பிரித்து மறுபடியும் கட்டினேன்.

புல்லும் ஆகாயத்தாமரையும் மண்டிய கால்வாய்களில் ஈயத் தலை சிக்கும். அங்கே பாரமில்லாத தனி முள்ளில் கோர்த்து, முள்ளின் காதை ரப்பர் மீனின் மூக்குக்குள் புதைத்து வீசுவார்கள். அதற்குப் பல் குத்தும் மூங்கில் குச்சி போதும். மூக்கின் ஒரு பக்கத்தில் குத்தி, முள்ளின் காது வழியாக விட்டு, மறுபக்கம் எடுத்து இரு முனைகளையும் ஒட்ட வெட்டிவிட வேண்டும். தண்ணீரில் ஊறினால் குச்சி உப்பி இன்னும் இறுகும். காசு செலவில்லாத வழி இதுதான். ஆனால் மூன்று நான்கு மீனுக்குப் பிறகு குச்சியை மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய சைக்கிள் டியூபை மெல்லிய வளையங்களாக வெட்டி ரப்பர் மீனின் கழுத்துக்கு மேல் மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். தடித்த உடலுக்குச் சரி. மெலிந்த உடலில் வளையம் புல்லை அள்ளிக்கொண்டு வருகிறது. மின்கம்பிக்குப் போடும் சுருங்கும் குழாயைத் தண்டில் மாட்டிச் சூடுகாட்டியும் பார்த்தேன். பிடிமானம் கொஞ்சம் கூடியது. ஆனால் அந்தக் குழாயின் பிளாஸ்டிக்கில் சூப்பர் குளூ பிடிக்காது. இரண்டையும் சேர்க்க நினைத்தால் ஏமாற்றம்தான்.

மூக்கு கிழிந்த ரப்பர் மீனை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. கிழிந்த அரை அங்குலத்தை வெட்டிவிட்டு மறுபடி கோர்க்கலாம், குட்டையானாலும் வால் ஆடும். ஊசியைச் சூடாக்கிக் கிழிசலின் இரு பக்கங்களையும் உருக்கி ஒட்டவும் முடியும். அதை வீட்டுக்கு வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள். பிவிசி கருகும் புகை மூக்கையும் கண்ணையும் எரிக்கும்.

ஈயத்தைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிலர் காசு மிச்சம் என்று பழைய ஈயக் கட்டியை வீட்டு அடுப்பில், சமையல் பாத்திரத்திலேயே உருக்கி ஜிக் வார்க்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வாங்கிய ஜிக்காக இருந்தாலும் பல்லால் கடிக்கக் கூடாது. கையால் சோறு சாப்பிடுகிறவர்கள் நாம். கரையில் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

முள்ளிலிருந்து கழன்ற ரப்பர் மீன் தண்ணீரில் என்ன ஆகிறது? 2009இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தொட்டியில் வளர்த்த டிரவுட் மீன்களுக்கு ரப்பர் இரையைப் போட்டுப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட மீன்கள் தாமாகவே விழுங்கின. அது செரிக்காமல் பல வாரங்கள் வயிற்றிலேயே தங்கியது, மீன்கள் மெலிந்தன. 2013இல் அந்த மாநிலத்தில் இத்தகைய இரைகளைத் தடை செய்ய மசோதாவே வந்தது. தடை வரவில்லை. நம் கால்வாயில் இருப்பது டிரவுட் இல்லைதான். ஆனால் வாயில் அடங்கும் எதையும் விழுங்கும் பழக்கத்தில் ஹாருவான் யாருக்கும் இளைத்ததல்ல. பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கும் காயம் ஆற நாம் சூப் வைத்துக் கொடுப்பது அந்த மீனைத்தான்.

மாமாவின் மோட்டார் கூடையில் ஒரு பழைய பால்மாவு டின் இருக்கிறது. அறுந்த வால், கிழிந்த மூக்கு எல்லாம் அதற்குள் போகும். “பிளாஸ்டிக் டப்பாவுல போடாத. உருகி ஒட்டிக்கும்” என்றார். உண்மைதான். இளக்கும் எண்ணெய் சிலவகை டப்பாக்களைக் கரைக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரப்பர் போல நன்றாக நீளும் வேறு ரகம் ஒன்றும் கடைகளில் உண்டு. அதையும் பிவிசி ரகத்தையும் ஒரே பையில் போட்டால் இரண்டும் கூழாகிவிடும். அதனால் வாங்கிய பாக்கெட்டிலேயே அதை வைத்திருங்கள்.

நூல் கட்டிய ஜிக்கோடு போன ஞாயிறு மறுபடியும் போனேன். இரண்டு ஹாருவான் கிடைத்தது. மூன்றாவது, சிவப்புக் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நின்ற தாய். மாமா அந்தப் பக்கம் வீசவே விடவில்லை. காலையில் கோர்த்த ரப்பர் மீன் மாலை வரை அதே முள்ளில், ஈயத்தோடு ஒட்டியபடியே இருந்தது. வால்தான் பாதி போயிருந்தது. அது டின்னில் கிடக்கிறது.